வாடகை வீடு: உடைமையும் பராமரிப்பும்

எமது முற்போக்கு எழுத்துக்களில் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் பெரும்பாலும் ஒரே முகத்துடனேயே தோன்றுகிறார். மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்பவர். கூரை ஒழுகுகின்றது என்றால் காதில் வாங்காதவர். வாடகையைக் கூட்டித் தராவிடில் வீட்டைவிட்டு எழும்பச் சொல்பவர். இப்படிமம் பொய்யானதன்று. ஆயினும், வாடகைக்கு விடப்பட்ட வீடொன்று நாள்தோறும் எவ்வாறு நடத்தப்படுகின்றது, அதனை நடத்தும் உழைப்பு யாருடையது, பெறப்படும் வாடகையில் எவ்வளவு அவ்வுழைப்புக்கு உரியது, எவ்வளவு வெறும் உடைமைக்குச் செல்கின்றது ஆகிய வினாக்களை அது எழுப்புவதில்லை. வயல் நிலத்துக் குத்தகை பற்றியும் தேயிலைத் தோட்டத்து லயன் பற்றியும் எழுதிய அளவுக்கு நகரத்து வாடகை வீட்டைப் பற்றி நாம் எழுதவில்லை.

இதற்கு எமது வர்க்க நிலையும் ஒரு காரணமாகலாம். பல்கலைக்கழகங்களைச் சூழ வாழும் நம்மிற் பலர் ஒரு காலத்தில் அறையொன்றில் வாடகைக்கு இருந்தவர்கள். பின்னர் வீட்டின் ஒரு பகுதியையோ பின்புற அறைகளையோ மாணவருக்கு வாடகைக்கு விட்டவர்கள். வாடகைக்கு இருந்த காலத்தில் ஒரு நியாயமும் வாடகைக்கு விட்ட காலத்தில் வேறொரு நியாயமும் பேசும் இக்கட்டான நிலையைத் தத்துவார்த்தமாக எதிர்கொள்வதைக் காட்டிலும் பேசாதிருப்பது இலகுவானது. அந்த மௌனத்தைக் கலைத்து, வாடகை வீட்டு முகாமை என்பதன் சமூக உள்ளடக்கத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது கருத்தைத் தொடக்கத்திலேயே சுருக்கமாகக் கூறிவிடலாம். வீட்டுச் சொந்தக்காரர் என ஒருவராகத் தோன்றுபவர் உண்மையில் இருவர். ஒருவர் உடைமையாளர், மற்றவர் அவ்வீட்டைப் பராமரித்து, பொதுவானவற்றைப் பங்கிட்டு, கணக்கு வைத்து, பிணக்குகளைத் தீர்க்கும் முகாமையாளர். இருவருக்கும் உரியவை வாடகை என்னும் ஒரே தொகைக்குள் கலந்து மறைந்துவிடுகின்றன. இக்கலப்பைப் பிரித்துப் பார்க்காதவரை நியாயமான வாடகை எது என்பதையும், நல்ல முகாமை எது என்பதையும், எமது வீடமைப்புச் சட்டங்கள் எங்கே வென்று எங்கே தவறின என்பதையும் விளங்கிக்கொள்ள இயலாது.

1. வாடகையின் கூறுகள்

வீட்டு வாடகை ஒரே பொருளன்று என்பதை மார்க்சியத்துக்கு முந்திய பொருளியலாளரே கண்டிருந்தனர். 1776இல் வெளிவந்த தமது நூலில் அடம் சிமித் வீட்டு வாடகையைக் கட்டட வாடகை, நில வாடகை என இரண்டாகப் பகுத்தார். 1872–73இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் எழுதிய கட்டுரைகள் இப்பகுப்பை மேலும் தெளிவாக்கின. வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் இடையிலான உறவு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவை ஒத்ததே எனப் புரூதோனின் வழிவந்தோர் கூறினர். எங்கெல்ஸ் அதனை மறுத்தார். அது பண்டமொன்றின் பயனைப் பகுதி பகுதியாக விற்று வாங்கும் உறவு என்பதும், அங்கு புதிய பெறுமதி பிறப்பதில்லை என்பதும், பிறிதோரிடத்தில் உற்பத்தியான பெறுமதியே கைமாறுகின்றது என்பதும் அவர் வாதமாகும். கட்டடத்துக்கு இட்ட முதலின் வட்டி, கட்டடத்தின் தேய்மானத்தை ஈடுசெய்யும் பகுதி, திருத்தவேலைச் செலவு, நில வாடகை ஆகியன அத்தொகையினுள் அடங்கியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். எங்கெல்ஸ் பதிப்பித்து 1894இல் வெளிவந்த ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில், நகரக் கட்டட முயற்சியில் இலாபத்தின் உண்மையான இலக்கு வீடன்று, நில வாடகையே என்பதை மார்க்ஸ் சுட்டியிருந்தார்.

இக்கூறுகளோடு முகாமை உழைப்பு என்னும் ஒன்றையும் நாம் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கற்பனைக் கணக்கொன்றின் வாயிலாக இதனை விளக்கலாம். திருநெல்வேலியில் ஒருவர் ஐந்து அறைகளை மாணவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் எனக் கொள்வோம். அறையொன்றுக்கு மாதம் 12,000 ரூபா. விடுமுறையாலும் ஆள் மாறும் இடைவெளியாலும் ஆண்டில் பத்து மாத வாடகையே சேருமாயின் ஆண்டு வருவாய் 600,000 ரூபா. கட்டடத்தின் பெறுமதி 60 இலட்சம், அதன் ஆயுள் 50 ஆண்டு எனின் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு 120,000 ரூபா ஒதுக்கப்பட வேண்டும். திருத்தவேலைக்கு 72,000, சோலைவரிக்கு 18,000, நீருக்கும் பொது மின்விளக்குகளுக்கும் 60,000, முகாமை உழைப்புக்கு மாதம் 10,000 வீதம் 120,000. செலவின் மொத்தம் 390,000 ரூபா. எஞ்சுவது 210,000 ரூபா. இது கட்டட முதலுக்கு நூற்றுக்கு மூன்றரை வீதமேயாகும்.

இனி, இதே கட்டடம் இதே செலவுகளுடன் வெள்ளவத்தையில் அமைந்திருக்கிறது எனவும், அங்கு அறையொன்றுக்கு 30,000 ரூபா கிடைக்கிறது எனவும் கொள்வோம். ஆண்டு வருவாய் 1,500,000 ரூபா. செலவு நீங்கலாக எஞ்சுவது 1,110,000 ரூபா. முன்னையதைவிட 900,000 ரூபா அதிகம். செங்கல் அதே செங்கல். கூரை அதே கூரை. முகாமையாளரின் உழைப்பிலும் மாற்றமில்லை. இவ்வேறுபாடு முழுவதும் இடத்தினால் வந்தது. அந்த இடத்துக்குப் பெறுமதியைக் கொடுத்தவை கடலோரப் புகையிரதப் பாதையும் காலி வீதியும் பாடசாலைகளும் வேலைத்தலங்களும் ஆகும். திருநெல்வேலிக்கும் இது பொருந்தும். 1974இல் அங்கு பல்கலைக்கழக வளாகம் தொடங்கியதன் பின்னரே அச்சூழலின் பின்புற அறைகளும் வருவாய் தரும் ஆதனங்களாயின. பொதுப்பணத்தில் அமைந்த நிறுவனம் உண்டாக்கிய பெறுமதி தனியார் வாடகையாகச் சேர்ந்தது. தேய்மானம், திருத்தவேலை, முகாமை ஆகியவற்றுக்கான பகுதி நியாயமாகப் பெறப்படுவதே. விவாதத்துக்கு உரியது அதற்கு மேற்பட்ட பகுதியாகும்.

2. முகாமை என்னும் உழைப்பு

முகாமை உழைப்பு என்பது யாது? வாடகை வாங்குவது அதில் மிகச் சிறிய பகுதி. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவித்தல், நீர்ப்பம்பி பழுதானால் ஆள் தேடுதல், மலசலகூடக் குழி நிறைவதற்கு முன் அதனை வெளியேற்றுவித்தல், மாரி தொடங்குமுன் ஓடு மாற்றுதல், மின்பட்டியலைப் பங்கிடுதல், இரவில் வாசற்கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பது தொடங்கி அடுப்படியை யார் எப்பொழுது பயன்படுத்துவது என்பது வரையுள்ள பிணக்குகளைத் தீர்த்தல் யாவும் அதனுள் அடங்கும். பல குடும்பங்களோ பல தனியாட்களோ ஒரே கூரையின்கீழ் வாழும் வீட்டில் இவ்வுழைப்புப் பன்மடங்காகின்றது.

யாழ்ப்பாணத்துச் சூழலில் இவ்வுழைப்பைப் பெரும்பாலும் செய்பவர் பெண்ணே. வீடும் பல வேளைகளில் அவருக்குச் சீதனமாக வந்ததே. ஆயினும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தனது அசைவற்ற ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தை வேண்டி நின்றது. உடைமை அவர் பெயரில். தீர்மானிக்கும் அதிகாரம் பகிரப்பட்டது. உழைப்போ கணக்கில் எழுதப்படாதது. வீட்டுப் பெண் கூட்டிப் பெருக்குவதும் மாணவரின் சண்டையைத் தீர்ப்பதும் இயல்பான கடமை எனக் கருதப்படுவதாலேயே, அவ்வுழைப்பின் பயன் முழுவதும் உடைமையின் வருவாய் போலத் தோற்றமளிக்கின்றது. முகாமை உழைப்புக்குரிய ஊதியத்தைத் தனியாகக் கணக்கிடல் வேண்டும் என நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைமுறையில் இதிலிருந்து பெறப்படும் நெறிகள் சில உள. முதலாவது, கணக்குகளைப் பிரித்து வைத்தல். வாடகை, பொதுச் செலவு, முற்பணம் ஆகிய மூன்றும் மூன்று வேறு கணக்குகள். முற்பணம் வருவாயன்று, குடியிருப்பவர் வெளியேறும் நாளில் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய கடன். அதனை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டவரே, வெளியேறும் மாணவனின் சுவரில் ஆணித் துளைகளை எண்ணத் தொடங்குகிறார். ஒருவர் குடிவரும் நாளில் அறையின் நிலையை இருவரும் பார்த்து எழுதிக் கையொப்பமிட்டால் இத்தகைய பிணக்குகளிற் பெரும்பாலானவை எழமாட்டா.

இரண்டாவது, பொதுச் செலவைப் பங்கிடும் முறை அனைவருக்கும் தெரிந்திருத்தல். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் அலகுகள் கூடக்கூட வீதமும் கூடும் அமைப்பை உடையது. ஐந்து அறைகள் ஒரே மின்மானியைப் பகிரும்போது, ஒவ்வொருவரும் சிறிதளவே பயன்படுத்தினாலும், மொத்தப் பாவனை உயர்ந்த படிக்குச் சென்றுவிடுகின்றது. தனித்தனி மின்மானி இருந்திருப்பின் ஒவ்வொருவரும் குறைந்த வீதத்திலேயே செலுத்தியிருப்பர். எனவே கட்டணம் ஏன் அதிகமாயிற்று என்பது ‘யார் மின்விசிறியை அணைக்கவில்லை’ என்னும் ஒழுக்க வினா மாத்திரமன்று. வீட்டின் அமைப்பிலிருந்து பிறக்கும் வினா. பட்டியலை மறைத்து ஒரு தொகையைச் சொல்லும் வீட்டுச் சொந்தக்காரர் இலாபம் பெறவும் கூடும், நட்டப்படவும் கூடும். இரண்டு நிலையிலும் சந்தேகமே மிஞ்சும். பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுவது எளிய பரிகாரம்.

மூன்றாவது, எழுத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடின் சட்ட வலுப் பெறாது. மாணவ அறைகளிற் பெரும்பாலானவை வாய்ப்பேச்சிலேயே விடப்படுவதால் அவை சட்டத்தின் பார்வையில் மாதவாடகைகளே. ‘ஒரு வருடத்துக்குப் பேசினோம்’ என்னும் இரு தரப்பு நம்பிக்கையும் இவ்விடத்தில் பயனற்றுப் போகின்றது. பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வாங்குவதும் அவநம்பிக்கையின் அடையாளமெனக் கருதும் மனப்பான்மை எம்மிடையே உண்டு. உண்மையில், உறவை ஒருவரின் தயவிலிருந்து விடுவித்து உரிமையாக்குவதற்கான முதற்படி அச்சிறு தாளேயாகும்.

நான்காவது, பொதுவாகப் பயன்படுத்தப்படுவனவற்றுக்கான விதிகளைப் பயன்படுத்துவோரும் சேர்ந்தே ஆக்குதல். குளியலறை வரிசையையும் கதவடைப்பு நேரத்தையும் தனியொருவர் ஆணையாக அறிவிக்கும் வீட்டில் விதி மீறப்படுகின்றது. கூடிப் பேசி வகுத்த வீட்டில் மீறுபவரை மற்றவர்களே கேட்கின்றனர். முகாமை உழைப்பின் ஒரு பகுதி அங்கே கூட்டு உழைப்பாகின்றது. அதற்கேற்ப வாடகையும் குறைய வேண்டும் என்பது இதன் தருக்கரீதியான முடிவு.

3. ‘குடி’ என்னும் சொல்

வாடகைக்கு இருப்பவரைக் குடியிருப்பவர் என்கிறோம். ‘குடி’ என்னும் சொல் குடும்பத்தையும் ஆளப்படுவோரையும் உறைவிடத்தையும் குறித்து வழங்கியது. யாழ்ப்பாணச் சமூகத்தில் ‘குடிமக்கள்’ என்னும் சொல் வேளாள வீடுகளுக்கு ஊழியம் செய்யக் கட்டுப்பட்டிருந்த சாதியினரைச் சுட்டியது. ‘குடியிருத்தல்’ என்பதில் அமைந்த இந்தப் பழைய உறவு, பணத்தால் ஆன வாடகை உறவு வந்ததும் முற்றாக மறைந்துவிடவில்லை. அறை கேட்டு வரும் மாணவனிடம் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், “எந்த ஊர்? ஆற்றை ஆக்கள்?” என்று கேட்கப்படும்போது, பண்ட உறவின் வாசலில் சாதி உறவு காவல் நிற்கின்றது. கேள்விக்கான உண்மைக் காரணம் பல வேளைகளிற் கிணறே. அறையைப் பணத்துக்குக் கொடுக்கச் சம்மதிப்பவர், கிணற்றுக் கயிற்றைப் பகிர்வதற்குச் சம்மதிப்பதில்லை.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது வாழ்வில் சாதி காரணமாக இழைக்கப்படும் மறுப்புகளைக் குற்றமாக்கியது. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களே அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. ஆயின் தனியார் வீட்டின் அறை அப்போராட்டங்களின் களமாக அமையவில்லை. ‘இடம் இல்லை’ என்னும் இரு சொற்களில் மறுப்பு முடிந்துவிடுவதால் அதற்குச் சாட்சியும் இல்லை. வாடகை வீட்டு முகாமையைப் பற்றிப் பேசும் முற்போக்காளர், யாருக்கு வாடகைக்கு விடுவது என்னும் தீர்மானத்தையும் அம்முகாமையின் ஒரு பகுதியாகக் கொண்டு தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. சட்டங்கள் தொட்டவையும் தொடாதவையும்

தனியாட்களின் நல்லெண்ணத்தால் மட்டும் தீர்க்கப்படும் விடயம் இதுவன்று. எனவே அரசு என்ன செய்தது என்பதை நோக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும் வாடகையை உள்ளூராட்சி மன்ற மதிப்பீட்டோடு பிணைத்தன. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இப்பாதுகாப்பை விரிவாக்கியது. மாதம் நூறு ரூபாவுக்கு மேற்படாத நியம வாடகையுடைய வீடுகளில், குடியிருப்பவர் இறந்தால் அவருடன் வாழ்ந்த துணைவரும் பிள்ளைகளும் தொடர்ந்து குடியிருக்க அது வழி செய்தது. உழைக்கும் மக்கள் நள்ளிரவில் தெருவுக்குத் தள்ளப்படுவதை இச்சட்டங்கள் தடுத்தன. இது சிறிய சாதனையன்று.

ஆயின், நாம் முன்னர் பிரித்துக் காட்டிய கூறுகளை இச்சட்டங்கள் பிரிக்கவில்லை. நில வாடகையைக் கட்டுப்படுத்த எழுந்த சட்டம், திருத்தவேலைக்கும் முகாமைக்கும் உரிய பகுதியையும் சேர்த்தே உறையச் செய்தது. விலைவாசி உயர, உறைந்த தொகையால் ஓடு மாற்றவும் இயலாதாயிற்று. இலாபம் இழந்த உடைமையாளர் பராமரிப்பைக் கைவிட்டார். வெறுமையான வீட்டை வாடகைக்கு விடாது பூட்டி வைத்தார். அல்லது பற்றுச்சீட்டில்லாத தொகையொன்றை முன்கூட்டியே கேட்டார்.

கொழும்பின் ‘தோட்டங்கள்’ இதன் துயரமான உதாரணம். துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் வேலை செய்தோருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட ஓரறை வீடுகள்; பல குடும்பங்களுக்கு ஒரு குழாய், ஒரு மலசலகூட வரிசை. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்புக்குப் பொறுப்பாயிருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பீற்றர் கெனமனின் காலத்தில் நிறைவேறிய 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் உடைமையையே நேரடியாகத் தொட்டது. தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணிக்கையான வீடுகளையே ஒரு குடும்பம் வைத்திருக்கலாம். மேலதிகமானவை தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் சேரும். அவற்றில் வாழ்ந்தோர் அவற்றின் உரிமையாளராகலாம். இடதுசாரிகள் இந்நாட்டில் சாதித்தவற்றுள் இது முதன்மையான ஒன்று என்பதில் எமக்கு ஐயமில்லை.

எனினும் விமர்சனமின்றி இதனைப் போற்றுதல் மார்க்சியமாகாது. உடைமையாளர் நீங்கினார், அவரோடு, எவ்வளவு குறைபாடாயினும் இருந்த முகாமையும் நீங்கியது. ஓர் அறையின் உறுதி குடியிருந்தவருக்குக் கிடைத்தது. அறைக்கு வெளியேயுள்ள குழாயும் வடிகாலும் ஒழுங்கையும் யாருடையவை? அதே 1973இல் பொது வசதிகள் சபைச் சட்டமும் அடுக்குமாடி வீட்டு உடைமைச் சட்டமும் முறையே 10ஆம், 11ஆம் இலக்கச் சட்டங்களாக நிறைவேறின. பொதுவானவற்றுக்குத் தனி நிறுவனம் வேண்டும் என்பது உணரப்பட்டிருந்ததை இவை காட்டுகின்றன. ஆனால் அவற்றின் கவனம் முதன்மையாக அடுக்குமாடிகளின் மீதே இருந்தது. தோட்டங்களின் பொதுப்பகுதி நடைமுறையில் எவர் பொறுப்பு என்பது தெளிவற்றே கிடந்தது. உடைமையை மாற்றிய நாம் பராமரிப்பைச் சமூகமயமாக்க மறந்தோம்.

1977இன் பின் காற்று மறுபுறம் வீசியது. 1980ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் புதிதாக வாடகைச் சந்தைக்கு வந்த வீடுகளில் ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்குக் கொடுத்த ஆதனத்தை விரைந்து மீட்கும் நடைமுறையை உடைமையாளருக்கு வழங்கியது. இவற்றுக்கிடையே, எந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் பெறாத ஒரு வகையினர் இருந்தனர்: லொட்ஜ்களில் தங்குவோர். அவர்கள் வாடகைக்குடிகளாகக் கொள்ளப்படுவதில்லை. 2007 யூன் 7ஆம் நாள் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரத்தைவிட்டு வெளியேற்றப்பட்டமையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தமையும் மறக்கற்பாலனவல்ல. குடியிருப்பின் உறுதியின்மை இன ஒடுக்குமுறைக்கு எவ்வளவு வசதியான கருவியாகின்றது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. வாடகைக்கு இருப்பவரின் பெயரெழுதிய பதிவேடு, முகாமையாளரின் கையில் கணக்குப் புத்தகமாகவும் அரசின் கையில் வேறொன்றாகவும் இருக்கக்கூடும்.

5. முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. கொள்கை நிலையில், சமூகம் உண்டாக்கிய இடப்பெறுமதியிலிருந்து எழும் வருவாய் சோலைவரி முதலிய வழிகளால் சமூகத்துக்கே திரும்ப வேண்டும். பராமரிப்புக்கும் முகாமைக்கும் உரிய பகுதி உறைந்துபோகாது காக்கப்பட வேண்டும். உடைமை மாறும் ஒவ்வோர் இடத்திலும் பொதுவானவற்றைப் பேணும் குடியிருப்போர் அமைப்பொன்று சட்ட வலுவுடன் அமைய வேண்டும். மூன்றாவது இல்லாதபோது முதலிரண்டும் நிலைப்பதில்லை என்பதே 1973 எமக்குத் தந்த படிப்பினை.

தனியாள் நிலையில், அறையொன்றை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர் வாடகையைக் கூட்டுவதற்கு முன் கணக்கைக் கூறு கூறாக எழுதிப் பார்க்கலாம். திருத்தவேலையின் செலவு கூடியிருந்தால், கூடியது எவ்வளவு என்பதை அறையில் இருப்பவருக்குக் காட்டிக் கூட்டலாம். கூடியது எதுவுமில்லாது, அயலில் கூட்டிவிட்டார்கள் என்பதே காரணமாயின், அது எமது உழைப்பின் ஊதியமன்று. வீதியும் பல்கலைக்கழகமும் உண்டாக்கிய பெறுமதியை, அப்பல்கலைக்கழகத்துக்கே படிக்க வந்த ஏழை மாணவனிடமிருந்து நாம் அறவிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இவ்வொரு வரியை நேர்மையாக எழுதத் துணியாதவர், கட்டுரைகளிற் சுரண்டலைப் பற்றி எழுதுவதால் பயன் அதிகமில்லை.